கருத்தடை அறுவைக்குப் பிறகு நாய் ஏன் இப்படி நடந்துகொள்கிறது?

பெட்டை நாய்க்குக் கருப்பையையும் சூலகத்தையும் நீக்கும் அறுவை முடித்து வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று இரவு பெரும்பாலான வீடுகளில் யாரும் தூங்குவதில்லை. நாய் சுவரைப் பார்த்து ஊளையிடும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாது. நின்ற இடத்தில் தள்ளாடும், படுத்த இடத்திலேயே மூத்திரம் போகும். மறுநாள் காலை எழுந்து வாலை ஆட்டியதும் எல்லோரும் கவலையை விட்டுவிடுவார்கள். பதற வேண்டிய நேரமும் விடக்கூடிய நேரமும் இங்கே தலைகீழாகிப் போகின்றன. முதல் இரவின் ஆர்ப்பாட்டம் பெரும்பாலும் மயக்க மருந்தின் வேலை, தானாக அடங்கிவிடும். சத்தமே இல்லாமல் மூலையில் கிடக்கும் நாயும், இரண்டு நாள் நன்றாக இருந்துவிட்டு மூன்றாம் நாள் புதிதாக ஒன்றைச் செய்யத் தொடங்கும் நாயும்தான் உண்மையில் கவனிக்கப்பட வேண்டியவை. எவ்வளவு விசித்திரமாக நடந்துகொள்கிறது என்பது முக்கியமில்லை. எப்போது தொடங்கியது, நேரம் போகப் போகக் குறைகிறதா கூடுகிறதா என்பதே கேள்வி.

அதனால் மருத்துவமனையிலிருந்து கிளம்பும் முன் கேட்டுக்கொள்ள வேண்டியவை சில உண்டு. மயக்கத்துக்கு என்ன கொடுத்தார்கள், வலி ஊசி எது, கடைசியாக எத்தனை மணிக்குப் போட்டார்கள், ஸ்டீராய்டு ஏதும் போட்டார்களா, அடுத்த மாத்திரை எப்போது. சீட்டில் எழுதித் தரச் சொல்வது நல்லது. இரவு இரண்டு மணிக்கு நாய் முனகத் தொடங்கினால் இந்த ஒரு சீட்டே பாதி பதிலைச் சொல்லிவிடும். டிரமடால் ஊசியின் பலன் ஆறு முதல் எட்டு மணி நேரம்தான். இன்னொரு வலி மருந்தான மெலாக்சிகாம் ஏறக்குறைய ஒரு நாள் தாங்கும். மாலை ஆறு மணிக்கு டிரமடால் மட்டும் போட்டிருந்தால் நள்ளிரவு தாண்டி வலி தலைதூக்குவது எதிர்பார்க்க வேண்டியதே.

மயக்க மருந்து ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகப் பேசும். நம் ஊரில் அதிகம் பயன்படும் கெட்டமின் கொடுத்த நாய், கண்ணை மூடாமலே மயங்கியிருக்கும். தெளியும்போது தலையை இடவலமாக ஆட்டும், காற்றை நக்கும், படுத்தபடியே ஓடுவதுபோல் காலை உதறும், சின்னச் சத்தத்துக்கும் துள்ளும். கண்மணி லேசாக ஆடுவதும் உண்டு. சைலசின் சேர்த்திருந்தால் மூத்திரம் வழக்கத்தைவிட அதிகமாகப் போகும். அந்த மருந்து இன்சுலினையும், சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹார்மோனையும் கொஞ்ச நேரம் அடக்கிவைப்பதுதான் காரணம். இதோடு டிரிப்ஸ் ஏறியிருந்தால் விரிப்பு நனையாமல் இருந்தால்தான் ஆச்சரியம். சைலசினிடம் இன்னொரு குணமும் உண்டு: நாய் ஆழ்ந்து தூங்குவதுபோல் இருக்கும், திடீரெனத் தொட்டால் கடித்துவிடும். டயஸிபாம், மிடசோலம் வகை மருந்துகள் சில நாய்களின் கூச்சத்தை அவிழ்த்துவிடும். சாது நாய் எரிந்து விழும், அல்லது கிண்ணத்தையே விழுங்கிவிடுவதுபோல் பசியோடு நிற்கும். கண்ணின் உள்மூலையிலிருந்து வெள்ளைச் சவ்வு ஏறிப் பாதிக் கண்ணை மறைப்பதும் மயக்கத்தின் மிச்சமே. இவை எல்லாம் சில மணி நேரத்தில் குறையத் தொடங்கி மறுநாள் காலைக்குள் அடங்க வேண்டும். 24 மணி நேரம் தாண்டியும் சுவரில் முட்டிக்கொண்டாலோ, தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தே இருந்தாலோ அதை மயக்க மருந்தின் கணக்கில் எழுதக் கூடாது.

சிப்பிப்பாறை, கன்னி போன்ற ஒல்லியான வேட்டை நாய்களுக்கு உடம்பில் கொழுப்பு குறைவு. தயோபென்டோன் என்ற மயக்க மருந்து போட்டிருந்தால் தெளிய அதிக நேரமாகும், உடம்பும் சீக்கிரம் குளிர்ந்துவிடும். இவற்றை வீட்டுக்கு அனுப்ப மருத்துவமனை அவசரப்பட்டால், எழுந்து நான்கு அடி நடக்கும் வரை இருந்துவிட்டுப் போகிறோம் என்று சொல்வதில் தவறே இல்லை.

அந்த இரவுக்குத் தேவை இருட்டான, சத்தமில்லாத ஓர் அறை. டிவி வேண்டாம், குழந்தைகள் சுற்றி நின்று கொஞ்சவும் வேண்டாம். டைல்ஸ் தரையில் தள்ளாடும் நாய் காலை அகட்டி விழும், தையல் இழுபடும். தரையில் ரப்பர் மிதியடியோ தடித்த சாக்கோ விரித்து அதன்மேல் பெட்ஷீட் போடலாம். கட்டில், சோபா, மாடிப்படி எதிலும் விடக்கூடாது. நடுக்கம் இருந்தால் போர்த்திவிட வேண்டும். வெந்நீர் பாட்டில் வைப்பதானால் துண்டில் இரண்டு சுற்றுச் சுற்றி முதுகுப் பக்கம் வைக்க வேண்டும். மயக்கத்தில் இருக்கும் நாய் சுட்டாலும் நகராது, அப்படியே தோல் வெந்துபோகும். வாயில் கட்டுப் போடக் கூடாது, வாந்தி வந்தால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒரே பக்கம் கிடந்தால் சில மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிடலாம். முழுக்கத் தெளிந்து தலை நிமிர்ந்த பிறகு கொஞ்சம் தண்ணீர், அது வயிற்றில் தங்கினால் வழக்கமான உணவில் கால் பங்கு. வேகவைத்த கோழியும் சாதமும் போதும், வெங்காயம் பூண்டு சேர்க்கக் கூடாது. ஒருமுறை வாந்தி எடுப்பது பரவாயில்லை. திரும்பத் திரும்ப எடுத்தால் போன் போட வேண்டும். இருமல் கேட்டால், மயக்கத்தின்போது தொண்டையில் இறக்கிய குழாயின் உரசலாக இருக்கும். இரண்டு மூன்று நாளில் போய்விடும்.

எல்லோரும் கேட்பது இதுதான்: அழுவது வலியாலா, மருந்தாலா? ஒரு சோதனை இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகப் பேசிக் கழுத்தைத் தடவிப் பாருங்கள். வலியில் இருக்கும் நாய் உங்களை அடையாளம் காணும், ஒரு கணமாவது அமைதியாகும். தையலுக்கு இரண்டு அங்குலம் தள்ளி லேசாக அழுத்தினால் திரும்பிப் பார்க்கும், இறுகும், உறுமும். மருந்தின் குழப்பத்தில் இருக்கும் நாய்க்கு நீங்கள் இருப்பதே தெரியாது. தொட்டாலும் தொடாவிட்டாலும் ஒரே சுருதியில் ஊளை தொடரும். முன்னதற்கு இன்னும் வலி மருந்து வேண்டும். பின்னதற்கு நேரம் கொடுத்தால் போதும், மிகவும் முற்றினால் மருத்துவர் மாற்று மருந்து போடுவார். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் உருவான வலி அளவுகோல் ஒன்று உலகமெங்கும் பயன்படுகிறது. சத்தம், காயத்தைக் கவனிப்பது, நடை, தொட்டால் எதிர்வினை, மனநிலை, உட்காரும் விதம் என ஆறு கூறுகளுக்கு மதிப்பெண் போட்டு, 24-க்கு 6 வந்தால் கூடுதல் வலி மருந்து யோசிக்க வேண்டும் என்பது அதன் கணக்கு. அதில் சத்தம் ஆறில் ஒன்றே ஒன்று என்பதைக் கவனியுங்கள்.

வலியின் மற்ற முகங்கள் சத்தமில்லாதவை. படுக்காமல் மணிக்கணக்காக நின்றுகொண்டே தூங்கி விழுவது, முதுகைக் கூனி வயிற்றை இறுக்கிவைப்பது, முன்னங்காலை நீட்டி மார்பைத் தரையில் வைத்துப் பின்புறத்தை மட்டும் தூக்கி நிற்பது, ஃபேனுக்கு அடியில் இருந்தும் மூச்சிரைப்பது, கட்டிலுக்கு அடியில் போய் வர மறுப்பது. 'சாதுவாகப் படுத்திருக்கிறது, பாவம்' என்று விட்டுவிடும் நாய்களில் பல வலியில் இருப்பவை.

இதைவிட மோசமான அமைதி ஒன்று உண்டு. கருப்பை அறுவையில் சூலகத்து ரத்தக் குழாயைக் கட்டிய முடிச்சு நழுவினால் ரத்தம் வயிற்றுக்குள்ளேயே கசியும். வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியாமல் போகலாம். இது பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள் நடக்கும். எழுந்து தண்ணீர் குடித்த நாய் மறுபடி சோர்ந்து தலையைத் தூக்காமல் கிடக்கும், பாதம் சில்லிடும், வயிறு புடைக்கும், மூச்சு வேகமாகும். ஈறைப் பார்ப்பதுதான் வேகமான வழி: விரலால் அழுத்தி விட்டால் வெளுத்த இடம் இரண்டு வினாடிக்குள் இளஞ்சிவப்பாகத் திரும்ப வேண்டும். நம் நாட்டு நாய்கள் பலவற்றுக்கு ஈறு கறுப்பாக இருக்கும், அங்கே எதுவும் தெரியாது. கீழ்க் கண்ணிமையைச் சற்று இழுத்து உட்புறத்தைப் பார்க்கலாம், நாக்கையும் பார்க்கலாம். இயல்பான நிறம் எது என்று அறுவைக்கு முந்தைய நாளே பார்த்து வைத்தால்தான் ஒப்பிட முடியும். வெளிறிப் போயிருந்தால் காலை வரை காத்திருக்கக் கூடாது. வாயில் எதுவும் ஊற்றாமல் உடனே தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

இதோடு சேர்ந்த உள்ளூர்ச் சிக்கல் உண்ணிக் காய்ச்சல். எர்லிகியா கிருமி ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களைக் குறைக்கும், பபேசியா சிவப்பணுக்களை உடைக்கும். வெளியே நன்றாக ஓடியாடும் நாயிடமும் எர்லிகியா பதுங்கியிருக்கலாம். அறுவைக்கு முன் ரத்தப் பரிசோதனை செய்து தட்டணு எண்ணிக்கையைப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். அந்தச் சில நூறு ரூபாயைச் சேமிப்பது வீண் சிக்கனம். அறுவைக்குப் பிறகு வயிற்றுத் தோலிலோ ஈறிலோ ஊசி குத்தியதுபோல் சிவப்புப் புள்ளிகள், மூக்கில் ரத்தம், காயம் ஓயாமல் கசிவது, கூடவே காய்ச்சல் இருந்தால் மருத்துவரிடம் உண்ணி என்ற சொல்லை நீங்களே எடுத்துக்கொடுங்கள்.

காய்ச்சல் என்றதும் கையை வைத்துப் பார்ப்பது பயன்படாது. நாயின் இயல்பான வெப்பமே 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட், நம் கைக்கு எப்போதும் சுடும். டிஜிட்டல் தெர்மாமீட்டர் நுனியில் வாசலின் தடவி ஆசனவாயில் வைத்துப் பார்க்க வேண்டும். முதல் நாள் 103-ஐ ஒட்டி இருப்பது காயத்தின் அழற்சியால் இருக்கலாம். 103.5-ஐத் தாண்டினாலோ 99-க்குக் கீழே இறங்கினாலோ பேச வேண்டும். தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குங்கள். 30-க்குள் இருப்பது இயல்பு, குளிர்ந்த அறையிலும் 40-க்கு மேல் நிற்பது இயல்பல்ல.

இரண்டாம் நாள் விசித்திரங்களில் பாதி மாத்திரையால் வருபவை. டிரமடாலும், கிருமித் தொற்றுக்குக் கொடுக்கும் மெட்ரோனிடசோலும் கடுங்கசப்பு. உடைத்துக் கொடுத்தால் நாய் வாயில் நுரை தள்ளி, தலையை உதறி, பைத்தியம் பிடித்ததுபோல் ஓடும். விஷம் என்று பயப்பட வேண்டாம், தண்ணீர் கொடுத்தால் சில நிமிடத்தில் சரியாகும். உடைக்காமல் கோழித் துண்டுக்குள் செருகிக் கொடுத்தால் இது வராது. ஆனால் மெட்ரோனிடசோல் அளவு கூடினாலோ பல நாள் நீண்டாலோ கண்மணி ஆடும், நாய் குடித்தவன்போல் நடக்கும், அப்போது மருந்தை நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிட வேண்டும். ஸ்டீராய்டு போட்ட நாய் தண்ணீராகக் குடித்து, மணிக்கு ஒருமுறை மூத்திரம் போய், இரவெல்லாம் மூச்சிரைக்கும். ஸ்டீராய்டும் மெலாக்சிகாமும் ஒன்றாகச் சேரக் கூடாது, இரைப்பையில் புண் விழும். தார்போல் கறுத்த மலம் அதன் அறிகுறி.

வீட்டு மருந்துப் பெட்டி மேல் யாரும் கை வைக்க வேண்டாம். மெலாக்சிகாமின் தொடர் அளவு கிலோவுக்கு 0.1 மி.கி. பத்துக் கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு 1 மி.கி. மனிதர்களுக்கான மாத்திரை 7.5 அல்லது 15 மி.கி. 'மருந்து ஒன்றுதானே' என்று ஒன்றைப் போட்டால் ஏழரை மடங்கோ பதினைந்து மடங்கோ ஆகிறது. ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் இரண்டும் நாய்க்குச் சிறுநீரகத்தையும் இரைப்பையையும் கெடுப்பவை. பாராசிட்டமாலையும் மருத்துவர் சொல்லாமல் தொடக் கூடாது.

மலம் இரண்டு முதல் நான்கு நாள் வராமல் இருப்பது சாதாரணம். வெறும் வயிறு, மயக்கம், வலி மருந்து மூன்றும் குடலை மந்தப்படுத்தும். மூத்திரம் அப்படியல்ல, ஒரு நாளுக்குள் போயாக வேண்டும். கருப்பையில் சீழ் வைத்து அவசரமாக அறுவை செய்த வயதான நாய், அறுவை முடிந்தும் சில நாள் வாளி வாளியாகத் தண்ணீர் குடிக்கும். கிருமியின் நச்சு சிறுநீரகத்தைச் சிறுநீர் செறிவாக்க விடாமல் தடுத்திருக்கும், அது மீளச் சில நாளாகும். இந்த நாய்க்குத் தண்ணீரைக் குறைத்து வைப்பது ஆபத்து.

தையலை நக்காமலிருக்கக் கழுத்தில் கோன் (கூம்பு வடிவக் காலர்) போட்டதும் சில நாய்கள் சிலையாக நின்றுவிடும். மணிக்கணக்காக அசையாது, கதவில் இடிக்கும், கிண்ணத்தைத் தேடும். பக்கப் பார்வை மறைந்து, சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதும் குழம்பிவிடுவதால் இப்படி. ஒரு நாளில் பழகும். கிண்ணத்தைக் கோனைவிடச் சிறியதாக்கிச் செங்கல்மேல் உயர்த்தி வைத்தால் சாப்பிடும். கோனின் விளிம்பு மூக்கைத் தாண்டி இரண்டு மூன்று விரற்கடை நீண்டிருக்க வேண்டும், குட்டையானதைப் போட்டால் நாய் வளைந்து நக்கியே தீரும். வெள்ளை ராஜபாளையம் நாய்களில் பிறவிச் செவிட்டுத்தன்மை உண்டு. காது கேட்காத நாய்க்குக் கோனும் மாட்டிவிட்டால் பின்னாலிருந்து வருபவர் யாரென்றே தெரியாது, தொட்டதும் கடிக்கும். முன்பக்கமாக வந்து, தரையில் காலால் தட்டி அதிர்வு கொடுத்த பிறகே தொட வேண்டும். கோன் அறவே ஆகவில்லை என்றால் பழைய பனியனைத் தலைகீழாக மாட்டி, கைத்துவாரத்தில் பின்னங்காலை விட்டு, முதுகில் முடிந்துவிடலாம். நனைந்தால் உடனே மாற்ற வேண்டும்.

மூன்றாம் நாளிலிருந்து பார்வை தையலுக்குப் போக வேண்டும். தையலுக்கு அடியில் மெத்தென்று, வலியில்லாமல், நீர்ப்பை போல் வீங்குவது அதிகம் ஆடியதால் சேரும் நிணநீர். நடமாட்டத்தைக் குறைத்தால் வற்றும், குத்தி எடுக்க வேண்டாம். சூடாக, சிவந்து, நாற்றத்தோடு வீங்கினால் கிருமித் தொற்று. அழுத்தினால் உள்ளே போய்த் திரும்ப வெளியே வரும் வீக்கம் என்றால் உள்தையல் விட்டிருக்கிறது. குடலோ கொழுப்போ வெளியே தெரிந்தால் உள்ளே தள்ளாமல், ஆறிய கொதிநீரில் நனைத்த சுத்தமான துணியால் மூடிக்கொண்டு ஓட வேண்டும்.

நம் வெயிலில் இன்னொன்றும் உண்டு, வெளிநாட்டுக் கையேடுகளில் அது ஓரத்தில்தான் இருக்கும். நாய் உட்கார்ந்ததும் சட்டென எழுகிறது, தன் வயிற்றைப் பார்த்துப் பயந்து ஓடுகிறது, வெறிகொண்டு நக்குகிறது, இரண்டு நிமிடம் ஓரிடத்தில் நிற்பதில்லை என்றால் டார்ச் அடித்துத் தையலைப் பாருங்கள். ஈ முட்டையிட்டு ஒரு நாளுக்குள் புழு வந்துவிடும். அரிசி மணியைவிடச் சிறிதாக வெள்ளைக் கொத்தாகத் தெரிவது முட்டை. டர்பன்டைன், பினாயில் ஊற்றும் பழக்கம் இன்னும் இருக்கிறது. திறந்த வயிற்றுத் தையலில் அது தசையை வேகவைக்கும். மருத்துவர்தான் எடுக்க வேண்டும். வருமுன் தடுப்பது சுலபம்: பகலில் கொசுவலைக்குள் படுக்கவைப்பது, கசிவு இருந்தால் உடனே ஒற்றி எடுப்பது, மலம் மூத்திரத்தை உடனே கழுவுவது. மஞ்சள் பூசினால் அழகாகத்தான் இருக்கும், ஆனால் அடியில் சிவந்திருக்கிறதா என்பது தெரியாமல் போய்விடும்.

எல்லாம் ஆறி வருகிறது என்று நினைக்கும் நேரத்தில், சில நாள் கழித்து, நாய் செருப்பைத் தூக்கிக்கொண்டு அலையும். துணிக்குவியலைப் பிறாண்டிக் குழி பறித்து அதில் பொம்மையை வைத்து நக்கும், பக்கத்தில் போனால் உறுமும், சாப்பிடாது, முலை வீங்கிப் பால் கசியும். கருப்பையை எடுத்த நாய்க்குப் பாலா என்று வீட்டார் திகைப்பார்கள். ஹீட் (பெட்டை இணைசேரும் பருவம்) முடிந்த இரண்டு மாதத்துக்குள் அறுவை செய்தால் இது நடக்கலாம். அந்தக் காலத்தில் சூலகம் சினையைத் தாங்கும் ஹார்மோனான புரொஜெஸ்டிரோனை நிறையச் சுரந்துகொண்டிருக்கும். சூலகத்தை எடுத்ததும் அது சடாரென விழ, பால் சுரக்கவைக்கும் புரொலாக்டின் ஏறுகிறது. குட்டி போட்டுவிட்டதாகவே உடம்பு கணக்குப் போடுகிறது. இதுதான் பொய்ச்சினை. பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் தானே வடியும். பாலைப் பீய்ச்சக் கூடாது, ஒத்தடம் கொடுத்துத் தேய்க்கவும் கூடாது, தூண்டத் தூண்டச் சுரக்கும். நாய் தன்னை நக்காமலிருக்கக் கோன் இங்கும் உதவும். 'குட்டிகளை' அதன் எதிரில் பிடுங்கினால் கடி வாங்குவீர்கள். வெளியே கூட்டிப்போன நேரத்தில் ஒவ்வொன்றாக எடுத்துவிடுங்கள். வாந்திக்கு மெட்டோகுளோபிரமைடு கொடுத்துக்கொண்டிருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், அதுவும் புரொலாக்டினை ஏற்றும். முலை கல்போல் இறுகினாலோ உறுமல் ஆபத்தாகப் போனாலோ புரொலாக்டினைக் குறைக்கும் கபர்கோலின் எழுதித் தருவார். அவசரமில்லாத கருத்தடையை ஹீட் முடிந்து மூன்று மாதம் கழித்து வைத்துக்கொண்டால் இந்தத் தலைவலி பெரும்பாலும் வராது.

கடுவனுக்கு இத்தனை இல்லை. விரை நீக்கிய பிறகும் சில வாரம் பெட்டையின் மேல் ஏறத்தான் செய்யும். குழாயில் மிஞ்சிய விந்தால் சினைப்படுத்தவும் முடியும் என்பதால் ஒரு மாதத்துக்கு மேலாவது பிரித்து வைக்க வேண்டும்.

வீட்டில் இன்னொரு நாய் இருந்தால், மருந்து வாசனையோடு தள்ளாடி வருவதை அது சந்தேகமாகப் பார்க்கும், சில நேரம் பாயும். முதல் இரவு தனி அறை. வயதான நாய்கள் அறுவைக்குப் பிறகு இரவு பகல் மாறி நடமாடுவதும், பழகிய வீட்டிலேயே மூலையில் சிக்கி நிற்பதும் உண்டு. வயதால் மூளை ஏற்கெனவே தளர்ந்திருந்தால் மயக்கம் அதை வெளிக்கொண்டுவருகிறது. இரவு விளக்கு ஒன்றை எரியவிட்டு, சாமான்களை இடம் மாற்றாமல் ஒரு வாரம் பாருங்கள், குறையவில்லை என்றால் அதற்குத் தனி மருத்துவம் வேண்டும்.

எதைக் கண்டாலும் அரை நிமிட வீடியோ எடுத்து, நேரத்தோடு ஒரு நோட்டில் எழுதுங்கள்: மூச்சு எண்ணிக்கை, ஈறின் நிறம், சாப்பாடு, மூத்திரம், மாத்திரை. மருத்துவமனை மேசைமேல் ஏறியதும் நாய் பயத்தில் எல்லாவற்றையும் மறைத்துவிடும். வீட்டில் எடுத்த வீடியோதான் அப்போது பேசும்.

ஐந்தாம் நாள் வாக்கில் நாய் வட்டமடித்து ஓடத் தொடங்கும். தோல் ஒட்டியிருக்கும், உள்ளே தசைச் சுவர் இன்னும் ஒட்டியிருக்காது. தையல் பிரிக்கும் 10 முதல் 14-ஆம் நாள் வரை கயிற்றில் கட்டி மூத்திரத்துக்கு மட்டுமே வெளியே கூட்டிப் போக வேண்டும். குளிப்பாட்டக் கூடாது. துறுதுறுப்பு தாங்காத நாய்க்குச் சாதத்தை ஈரத்துணிக்குள் மடித்துத் தேடவிட்டால் பத்து நிமிடம் போகும். தையல் பிரிக்கப் போகும் அன்று வாசலிலேயே அது நடுங்கும், உறுமவும் செய்யும். வாய்க்கூடு மாட்டியே உள்ளே கூட்டிப்போவது எல்லோருக்கும் நல்லது.